எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கு

வெர்மான்ட் மாநிலம், அமெரிக்கா,
2025 அக்டோபர் 19

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். நடுவில் எங்கள் பள்ளி போர்டு கூட்டம், அப்புறம் சின்னவளுக்குக் காய்ச்சல் என்று தள்ளிப்போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே. உன் பள்ளியில் இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் நாலே நாலு பிள்ளைகள்தான் சேர்ந்தார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். எங்கள் பள்ளியில் இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் ஆறு பேர்.

"பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று ஊரே ஓட்டுப் போடுமாமே, நிஜமா?" என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை இங்கே ஊர்க்கூட்ட நாள். மாநிலத்துக்கே அன்று விடுமுறை. ரோடு போடுவது, பனி வாருவது, தீயணைப்பு வண்டி வாங்குவது எல்லாம் அன்றுதான் முடிவாகும். அடுத்த வருஷத்துப் பள்ளி பட்ஜெட்டும் மக்கள் ஓட்டுப் போட்டால்தான் நிறைவேறும். தோற்றால் செலவைக் குறைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஜூலை 1-க்குள் எதுவும் நிறைவேறாவிட்டால், போன வருஷ பட்ஜெட்டில் 87 விழுக்காடு வரை கடன் வாங்கித்தான் பள்ளியை நடத்த முடியும்.

இங்கே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்றால் நம் சிவகங்கை மாவட்டம் மாதிரி நினைத்துவிடாதே. எங்கள் டிஸ்ட்ரிக்ட் என்பது ஒரே ஒரு பள்ளிக்கூடம், ஆறாம் வகுப்பு வரை. ஏழாம் வகுப்பு முதல் பிள்ளைகள் வெளியூர்ப் பள்ளிகளுக்குப் போவார்கள், அவர்களுக்கான கட்டணத்தை எங்கள் டிஸ்ட்ரிக்ட் கட்டும். உயர்நிலைப் பள்ளி இல்லாத ஊர்களுக்கு 1869-லிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. ஆறரை லட்சம் பேர்கூட இல்லாத இந்த மாநிலத்தில் இப்படி 119 டிஸ்ட்ரிக்ட். சில டிஸ்ட்ரிக்டுகளைச் சேர்த்து ஒரு சூப்பரின்டெண்டெண்ட் பார்ப்பார், ஏறக்குறைய உங்கள் வட்டாரக் கல்வி அலுவலர் மாதிரி. ஆனால் பட்ஜெட்டைத் தயாரித்து ஊர்முன் வைக்கும் பொறுப்பு எங்கள் ஐந்து பேர் கொண்ட போர்டுக்கு. இரண்டு வருஷமாக அதில் நானும் ஒருத்தி.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி வீட்டு வரியிலிருந்து. முன்பெல்லாம் அந்தந்த ஊர் வரி அந்தந்த ஊர்ப் பள்ளிக்கு என்று இருந்தது. பனிச்சறுக்கு விடுதிகள் நிறைந்த பணக்கார ஊர்களில் கொஞ்சம் வரி போட்டாலே பள்ளிக்குப் பணம் கொட்டும். மாட்டுப்பண்ணைகள் மட்டுமே இருந்த ஊர்களில் எவ்வளவு வரி போட்டாலும் போதாது. வைட்டிங் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவியின் பெயரில் நடந்த பிரிகம் வழக்கில், 1997-இல் மாநில உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாடு மாநில அரசியலமைப்புக்கே விரோதம் என்று சொல்லிவிட்டது. அந்த வருஷமே 60-ஆம் எண் சட்டம் வந்தது. அதிலிருந்து எல்லா ஊர் வரியும் ஒரே உண்டியலில். ஒரு பிள்ளைக்கு ஒரே அளவு செலவு செய்கிற இரண்டு ஊர்களுக்கு, ஒன்று பணக்கார ஊராக இருந்தாலும் மற்றது ஏழை ஊராக இருந்தாலும், ஒரே வரி விகிதம். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீதி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பணக்கார ஊர்களுக்குப் பொறுக்கவில்லை. கில்லிங்டன் என்ற ஊர் 2004-இல், பக்கத்திலுள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தோடு சேர்ந்துகொள்கிறோம் என்று ஊர்க்கூட்டத்தில் ஓட்டே போட்டுவிட்டது. அது நடக்கவில்லை, ஆனால் அவ்வளவு ஆத்திரம்.

ஒரே உண்டியல் என்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. நாங்கள் எவ்வளவுதான் சிக்கனமாக இருந்தாலும், மாநிலம் முழுக்கச் செலவு ஏறினால் எங்கள் ஊர் வரியும் ஏறும். 2024-இல் அதுதான் நடந்தது. கொரோனா காலத்து மத்திய அரசுப் பணம் முடிந்துபோயிற்று. ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீட்டுத் தொகை ஒரே வருஷத்தில் 16 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. கல்விக்கான வரி சராசரியாக 18.5 விழுக்காடு கூடலாம் என்று 2023 டிசம்பரில் வரித்துறையிலிருந்து கடிதம் வந்தது. மார்ச்சில் மாநிலத்தின் பள்ளி பட்ஜெட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று தோற்றுப்போனது. எங்களுடையதும்தான்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஊரில் ஓட்டுப் பெட்டியில்தான் போடுவார்கள் என்றாலும், முந்தின நாள் ராத்திரி பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் கேள்வி-பதில் கூட்டம் உண்டு. மடக்கு நாற்காலிகள், வாசலில் வரிசையாகச் சேறு அப்பிய பூட்ஸ்கள், மேசையில் ஆளுக்கொரு வீட்டிலிருந்து வந்த சூப்பு. என் பங்குக்கு ரசம் வைத்துக்கொண்டு போயிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். எண்பது வயதிருக்கும், கணவர் இல்லை, பால்பண்ணையை விற்று ரொம்ப வருஷமாகிறது. கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த வரி ரசீதுகள் மூன்றை எடுத்தார். ஒவ்வொன்றாகப் பிரித்து, முழங்காலில் வைத்து நீவி, மூன்று வருஷத்துத் தொகையையும் உரக்கப் படித்தார். குரல் நடுங்கவே இல்லை. "என் நாலு பிள்ளைகளும் இந்தப் பள்ளியில்தான் படித்தார்கள். நான் ஒருமுறைகூட வேண்டாம் என்று ஓட்டுப் போட்டதில்லை. நாளைக்குப் போடப்போகிறேன். வீட்டை விற்காமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

செல்வி, அவர் வரி ஏன் அவ்வளவு ஏறியது தெரியுமா? வீட்டின் மதிப்பு ஏறியதால். மதிப்பு ஏன் ஏறியது? கொரோனா சமயத்தில் நகரங்களிலிருந்து வந்தவர்கள் கேட்ட விலைக்கு மேலேயே கொடுத்து வீடுகளை வாங்கினார்கள். ஊர்ப் பதிவேட்டில் எழுதியிருக்கும் மதிப்புக்கும் சந்தை விலைக்கும் நடுவே இடைவெளி விரிந்தது. அந்த இடைவெளி எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு வரி விகிதம் ஏறும். நாங்களும் நியூ ஜெர்சியிலிருந்து அப்படி வந்தவர்கள்தான். அந்தப் பாட்டியின் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு எங்களுடையது. குறைந்த வருமானக்காரர்களுக்கு வரிச்சலுகை உண்டு, ஆனால் அது ஏற்றம் முழுவதையும் தாங்குவதில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பள்ளிக்கு எதிராக ஓட்டுப் போடுகிறவர்களை அதுவரை, பிள்ளைகள்மேல் அக்கறை இல்லாதவர்கள் என்றுதான் மனசுக்குள் வைத்திருந்தேன். அது தப்பு. அவர் பிள்ளைகள் படித்த பள்ளி அது. விலையை ஏற்றிவிட்டு அவரிடம் போய்க் கொடு, கொடு என்று கேட்டவள் நான்.

பட்ஜெட்டைக் குறைத்து மே மாதம் மறுபடி வைத்தோம், நிறைவேறியது. நூலகரின் வேலை பாதி நாளாகக் குறைந்தது. பிரெஞ்சு வகுப்பு போயிற்று. வரி ஏற்றம் கடைசியில் மாநிலச் சராசரி 13.8 விழுக்காட்டில் நின்றது. அந்த வரியை நிர்ணயித்த மசோதாவைக் கவர்னர் பில் ஸ்காட் மறுத்துத் திருப்பியனுப்ப, சட்டமன்றம் அதை மீறி நிறைவேற்றியது. அந்தச் சண்டையின் வால்தான் இப்போது எங்கள் தலைமேல் வந்து நிற்கிறது.

பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்டாயே. மாநிலத்தைப் பொறுத்தவரை நிலைமை நன்றாக இல்லை. ஒரு மாணவருக்குச் செலவழிப்பதில் நாட்டிலேயே முதல் சில மாநிலங்களில் ஒன்று இது. 2013 வாக்கில் எட்டாம் வகுப்புக் கணக்குக்கான தேசியத் தேர்வில் முன்வரிசையில் இருந்தது. அதற்குப் பிறகு இறக்கம்தான். எங்கள் பள்ளியைப் பற்றிக் கேட்டால் என்னால் விழுக்காடு சொல்ல முடியாது. போர்டுக்கு வரும் அறிக்கையில் மூன்றாம் வகுப்பு வாசிப்புக்கு நேரே எண்ணே இருக்காது, ஒரு நட்சத்திரக் குறிதான் இருக்கும். ரொம்பக் கொஞ்சம் பிள்ளைகள் என்றால் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று வெளியே தெரிந்துவிடும் என்பதால் முடிவை வெளியிடமாட்டார்கள். எங்கள் மூன்றாம் வகுப்பில் ஏழு பேர். ஏழு பேரையும் எனக்குத் தெரியும். ஒருவன் போன வருஷம் வரை எழுத்துக்கூட்டித் திணறிக்கொண்டிருந்தான், இப்போது டிராக்டர் கையேட்டை எடுத்துவைத்து அவன் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டுகிறானாம். இன்னொருத்தி வாசிப்பாள், ஆனால் படித்ததைச் சொல் என்றால் வாயே திறக்கமாட்டாள். இதெல்லாம் அந்த நட்சத்திரக் குறிக்குள் இருக்கிறது. ஆனால் பட்ஜெட் கூட்டத்தில் யாராவது எழுந்து "இவ்வளவு பணத்துக்கு என்ன பலன்?" என்று கேட்டால், எங்களால் காட்ட முடிந்தது அந்தக் குறி மட்டும்தான். கேட்பவரின் கேள்வி நியாயமானது. பதில் சொல்ல முறையான வழி ஒன்றை நாங்கள்தான் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

இப்போதைய கவலைக்கு வருகிறேன். இந்த ஜூலையில் 73-ஆம் எண் சட்டத்தில் கவர்னர் கையெழுத்துப் போட்டார். 1990-களின் கடைசியில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த மாணவர் எண்ணிக்கை இன்று 80,000 சொச்சம். இத்தனை டிஸ்ட்ரிக்ட் கட்டாது, இணைத்துப் பெரிதாக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு ஒரு குழு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறது, டிசம்பரில் சட்டமன்றத்துக்குக் கொடுக்க வேண்டும். வகுப்புக்குக் குறைந்தது இத்தனை பேர் என்ற விதியும் வருகிறது. ஒன்றாம் வகுப்பில் சராசரி 10, இரண்டு முதல் ஐந்து வரை 12. எங்கள் ஆறு பேரை வைத்துக்கொண்டு நாங்கள் எங்கே போவது? போக்குவரத்துக்கு வழியில்லாத ஊர்களுக்கு விலக்கு கேட்கலாம், கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

எங்கள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பிள்ளைகளைப் பக்கத்து ஊருக்கு அனுப்புவது. பஸ்ஸில் ஒரு வழிக்கு நாற்பது நிமிஷம். ஏப்ரலில் பனி உருகும்போது மண் ரோடெல்லாம் சகதியாகி, பஸ் உள்ளே வராது. பெற்றோர் பிள்ளைகளைத் தார் ரோடு வரை கொண்டுவந்து விட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையை அந்த இருட்டில், அந்தக் குளிரில் நிற்கவைக்க எனக்கு மனமில்லை. இன்னொன்று, ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே அறையில் வைப்பது. ஒன்றாம் வகுப்பில் ஆறு, இரண்டாம் வகுப்பில் ஏழு, ஆகப் பதின்மூன்று, விதிக்குச் சரியாக வந்துவிடும். பெற்றோர்களுக்கு இதில் பயம். இரண்டு வகுப்பைக் கலந்தால் பிள்ளை பின்தங்கிவிடும் என்கிறார்கள். போர்டிலேயே இரண்டு பேருக்கு அதே எண்ணம்.

அங்கேதான் எனக்கு நீ வேண்டும். நீ பல வருஷமாக ஐந்து வகுப்பை இரண்டு ஆசிரியர்களோடு நடத்துகிறாய். 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை வகுப்புவாரியாக உட்காரவைக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்ப உட்காரவைக்கிறோம், மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தாலும் யாரும் கேலி செய்வதில்லை என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து மூன்று தடவை படித்தேன். இதைப் போர்டில் சொன்னபோது எங்கள் தலைமை ஆசிரியை நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். அவருக்கு நிறையக் கேள்விகள்.

மலர் குழுவுக்கு நீ பாடம் நடத்தும்போது அரும்புக் குழு என்ன செய்துகொண்டிருக்கும்? ஒரு பிள்ளை அடுத்த நிலைக்குப் போகத் தயார் என்று எதை வைத்து முடிவு செய்கிறாய்? மாதக் கூட்டத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர்களுக்கு அதை எப்படிக் காட்டுகிறாய், விழுக்காடாகவா, பிள்ளையின் நோட்டை எடுத்துவைத்தா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்காக. அந்தப் பாட்டி அடுத்த மார்ச்சிலும் கடைசி வரிசையில் வந்து உட்காருவார். அவர் கையில் கொடுக்க எனக்கு ஏதாவது வேண்டும்.

முடிந்தால் உன் ஒரு நாள் கால அட்டவணையைப் போட்டோ எடுத்து அனுப்பு. கையால் எழுதியதாக இருந்தாலும் போதும், நான் மொழிபெயர்த்துக்கொள்கிறேன். நவம்பர் 5, புதன்கிழமை சாயங்காலம் எங்கள் போர்டு கூடுகிறது. அதற்குள் கிடைத்தால் நல்லது.

அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? நான் விசாரித்ததாகச் சொல்.

உன்,
கௌரி