ஒற்றை வேரிஸ்டரை நம்பித் தெருவிளக்கை அனுப்பாதீர்கள்

எல்இடி தெருவிளக்குகளுக்கு டிரைவர் பலகை (விளக்குக்கேற்ப மின்சாரத்தை மாற்றித் தரும் பலகை) தயாரிக்கும் நிறுவனத்தார் அனைவருக்கும்,

வணக்கம். ஐப்பசி இடிமழைக்குப் பிறகு என் மேசைக்குப் பழுதுபார்க்க வரும் தெருவிளக்குகளின் மூடியைத் திறந்தால், பலவற்றில் ஃபியூஸுக்குப் பக்கத்தில், திடீரென ஏறும் வோல்டேஜை அடக்குவதற்காக இருக்கும் நீல வட்டு வேரிஸ்டர் பிளந்து, அதனடியில் பலகை கரியேறி, செம்புத் தடம் உரிந்து கிடக்கிறது. எல்லாப் பழியையும் மின்னலின் மேல் போட்டுவிடுகிறோம், அது சரியன்று.

230 வோல்ட் இணைப்பில் நீங்கள் வைக்கும், 275 வோல்ட் ஏசி வரை தாங்கும் வேரிஸ்டர் ஏறக்குறைய 430 வோல்ட்டில் கடத்தத் தொடங்கும். அதன் வேகத்தில் குறையில்லை. ஆனால் பெரிய மின்னெழுச்சிகளைத் தாங்கத் தாங்க அதிலுள்ள துத்தநாக ஆக்சைடு கெட்டு, வழக்கமான வோல்டேஜிலேயே கசிவு தொடங்குகிறது. கசிவால் சூடும், சூட்டால் கசிவும் ஏறுகின்றன. காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்தாலோ விளக்கின் மேல் 400 வோல்ட் வரை, அதாவது 566 வோல்ட் உச்சம் வரை ஏறக்கூடும். மின்னலைப்போல் மைக்ரோநொடிகளில் முடியாமல், லைன்மேன் வந்து சரிசெய்யும்வரை அது நீடிக்கும்; அந்த உச்சம் 430ஐத் தாண்டுவதால் வேரிஸ்டர் அத்தனை நேரமும் கடத்திச் சூடேறும்.

ஆகவே வேரிஸ்டருடன் ஜிடிடி எனப்படும் வாயுக்குழாயைத் தொடராக இணையுங்கள்; குறிப்பிட்ட வோல்டேஜ் வரை அது கடத்தாது, அதைத் தாண்டினால் உள்ளிருக்கும் வாயு பற்றிக் கடத்தும். வாயுக்குழாயை மட்டும் மின்இணைப்பின் குறுக்கே வைத்தால், ஒருமுறை பற்றியபின் வோல்டேஜ் சில பத்து வோல்ட்டுக்கு இறங்கி, இணைப்பின் மின்னோட்டமே அதை அணையவிடாமல் வைத்திருக்கும்; அந்த ஓட்டத்தை வேரிஸ்டர் அடக்குகிறது, அமைதிக் காலத்தில் வேரிஸ்டரின் கசிவை வாயுக்குழாய் தடுக்கிறது. குழாய் பற்றும் வோல்டேஜை, அதன் உற்பத்தி வேறுபாட்டையும் கணக்கில் கொண்டு, 566க்கு மேலாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நியூட்ரல் அறுந்த நேரத்தில் மின்னலும் சேர்ந்து குழாயைப் பற்றவைத்தால் வேரிஸ்டர் கொதிக்கும் என்பதால், அதன் உடலைத் தொட்டபடி, சூடு மிஞ்சினால் இணைப்பை அறுக்கும் ஒரு வெப்ப ஃபியூஸும் தேவை. நியூட்ரல் அறுந்து ஏறும் வோல்டேஜிலிருந்து பின்னாலுள்ள 450 வோல்ட் கப்பாசிட்டரை இந்த இணைப்பு காப்பாற்றாது. அதற்குத் தனிக் காப்பு வேண்டும் என்பதையும் அறிவேன்.

என்னை எழுத வைத்தது வேறொன்று. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே தனி வேரிஸ்டர் இருந்து, அது கசிந்து, கம்பத்தின் எர்த்தும் பழுதாகியிருந்தால், அந்த மின்சாரம் விளக்கின் உலோக உடல் வழியாகக் கம்பத்தில் நிற்கும். மழை நாளில் அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிப் பிள்ளைகள் பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள். எர்த் பக்கம் வாயுக்குழாய் இல்லாத பலகையைத் தயவுசெய்து இனி அச்சிடாதீர்கள்.

இப்படிக்கு,
தெருவிளக்கு பழுதுபார்க்கும் ஒருவன்