மருமகனின் முன்னோர்

அன்பு மகளுக்கு,

மருமகனின் பரம்பரையைத் தேடிக்கொண்டு போனால் தெஷேன் என்ற பெயர் ஓரிடத்தில் காணாமல் போய், மிவில் என்று வருகிறது, வேறு குடும்பமோ என்று கேட்டிருந்தாய். அதே குடும்பம்தான்.

பிரெஞ்சுக் கனடாவில் அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு பெயர் இருப்பது சகஜம். பதிவேட்டில் 'மிவில் டி தெஷேன்' என்று இருக்கும். மிவில், அதாவது தெஷேன் என்று அழைக்கப்படுகிறவர். நம் ஊரில் நாலு கந்தையா இருந்தால் பட்டப்பெயர் சொல்லித்தானே பிரிப்போம், அதேதான். 1665இல் பிரான்சிலிருந்து வந்த கரிஞான்-சாலியேர் படையின் சிப்பாய்களுக்கும் இப்படிப் பெயர்கள் உண்டு: லாஃப்ளர் என்றால் பூ, சான்சூசி என்றால் கவலையில்லாதவன். பிற்பாடு பிள்ளைகளில் ஒருவர் முதல் பெயரைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் பட்டப்பெயரை. அண்ணன் தம்பிக்கே வேறு வேறு குடும்பப் பெயர். அமெரிக்க ஆலைகளுக்கு வேலைக்குப் போன புவாவேர்களில் சிலர் அங்கே அதே அர்த்தத்தில், அதாவது பச்சை மரம் என்று, கிரீன்வுட் ஆகிவிட்டார்கள்.

அதனால் பெயரைத் துரத்தாதே, கல்யாணத்தைப் பிடி. கல்யாணப் பதிவில் பாதிரியார் பெரும்பாலும் இரு பக்கத்துத் தாய் தகப்பன் பெயரையும் எழுதியிருப்பார். தாயின் பெயர் அவள் பிறந்த வீட்டுப் பெயராகவே இருக்கும். ஒரு கல்யாணம் கிடைத்தால் இரு பக்கமும் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். கியூபெக் மாகாணத்தில் 1981இலிருந்து சட்டமே பெண் பிறந்த பெயரோடுதான் இருக்க வேண்டும் என்கிறது. நீ பெயரை மாற்றவில்லை என்று முணுமுணுக்கும் உன் சித்திக்கு இதைச் சொல்.

ஞானஸ்நானப் பதிவைப் பார்க்கும்போது கவனம். ஆண்பிள்ளை என்றால் ஜோசப், பெண் என்றால் மரி என்று முதலில் போட்டுவிடுவார்கள். அப்புறம் ஞானத்தகப்பன் அல்லது ஞானத்தாயின் பெயர் வரும். வீட்டில் கூப்பிடும் பெயர் அநேகமாகக் கடைசியில்தான். ஒரு பிள்ளை இறந்துபோனால் அடுத்ததற்கு அதே பெயரை வைப்பதும் உண்டு. ஆகவே அடக்கப் பதிவையும் சேர்த்துப் பார், இல்லாவிட்டால் செத்த பிள்ளைக்குக் கல்யாணம் செய்து வைத்துவிடுவாய்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தெஷேன் என்ற பட்டப்பெயரோடு வாழ்ந்த ஜாக் மிவில், கியூபெக் நகரில் 1669இல் கத்ரீன் தெ பையோனைக் கல்யாணம் செய்தார். 1663க்கும் 1673க்கும் இடையில் பிரெஞ்சு ராஜா 14ஆம் லூயி தன் செலவில் கனடாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிய சுமார் 800 பெண்களில் அவளும் ஒருத்தி. 'ராஜாவின் மகள்கள்' என்பார்கள். பெரும்பாலும் ஏழைகள், அநாதைகள். கத்ரீனோ பிரபு வம்சத்துப் பெண். அவள் வழியை ஆயிரத்திருநூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் ஆண்ட சார்லமேன் சக்கரவர்த்தி வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அவளும் கணவனும் 1688 ஜனவரியில், சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். எனக்குச் சக்கரவர்த்தியைவிட அந்த ஜனவரிதான் மனதில் நிற்கிறது. பிள்ளைகளை யார் பார்த்திருப்பார்கள்?

ஜாக்கின் தகப்பன் பியேரின் பட்டப்பெயர் 'சுவிஸ்காரர்'. சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க்கில் பிறந்தவர். நாங்கள் சுத்தப் பிரெஞ்சு என்று சம்பந்தி அம்மா சொல்வாரே, அவரிடம் இதைப் பக்குவமாகச் சொல். கேக் வெட்டி முடிந்த பிறகு சொன்னால் நல்லது.

பிறக்கப் போகிற பிள்ளைக்கு உங்கள் இருவர் பெயரையும் சேர்த்து வைக்க இங்கே சட்டம் இடம் தருகிறது. உன் குடும்பப் பெயர் என்று இவர்கள் எழுதிக்கொண்டது என் சொந்தப் பெயர், என்னுடையது உன் தாத்தாவின் பெயர். முன்னூறு வருஷம் கழித்து நம் வழியைத் தேடுகிறவர் பாடு திண்டாட்டம்தான். முடிவு உங்களுடையது.

முதலில் சம்பந்தி அம்மாவிடம் அவருடைய பாட்டி தாத்தா எந்தப் பங்குக் கோயிலில் கல்யாணம் செய்தார்கள் என்று கேட்டு எழுது. அந்தப் பக்கத்தை நான் தேடித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா