ஏலத்துக்குப் பொருள் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

தனித்து வாழும் பெண்களுக்குத் தையல் இயந்திரம் வாங்கிக் கொடுப்பதற்காகச் சென்னையில் நாங்கள் நடத்திய ஏலம் நல்லபடியாக முடிந்தது. மேடையில் வைத்த பொருள்களில் ஒன்றுகூட நாங்கள் காசு கொடுத்து வாங்கியதில்லை. எல்லாம் நீங்கள் மனமுவந்து தந்தவை. பொருளைத் தந்ததோடு நிற்காமல், அது எங்கே யாரால் செய்யப்பட்டது, அதில் என்ன குறை இருக்கிறது, எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியும் கொடுத்தீர்கள். ஏலத்தில் கேட்பு (கேட்கும் விலை) ஏறியதற்கு அந்தக் குறிப்புகள்தான் பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறோம். அதனால் யார் செய்த எந்த உதவி எப்படிப் பயன்பட்டது என்று விவரமாகச் சொல்லியே நன்றி கூற விரும்புகிறோம். இதுபோல் ஏலம் நடத்த நினைக்கும் மற்றவர்களுக்கும் இது உதவட்டும்.

முதல் நன்றி காஞ்சிபுரம் நெசவாளர் குடும்பங்களுக்கு. நீங்கள் தந்தவை கோர்வைச் சேலைகள். உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் தனித்தனி நாடாவால் (குறுக்கு இழையைக் கொண்டுபோகும் தறிக் கருவி) நெய்து, ஒவ்வோர் ஊடையிலும் (குறுக்கு இழை) இரண்டையும் கோத்துக்கொண்டே போகும் வேலை அது. தறியில் நெசவாளர் ஒருவர் இருந்தால் பக்கத்தில் நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். சேலையைத் திருப்பி, கரை சேரும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்ன யோசனை உங்களுடையதுதான். கடையில் முன்பக்கத்தை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் பின்பக்கப் படத்தைப் பார்த்ததும் மேசையருகே வந்து கேட்கத் தொடங்கினார்கள்.

ஜரிகையைப் பற்றி நீங்கள் எழுதித் தந்த சீட்டு இன்னும் பெரிய உதவி. சில்க் மார்க் முத்திரை இருந்தால் ஜரிகையும் அசல் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் வந்த அந்த முத்திரை, பட்டு அசல் என்பதற்கு மட்டுமே உறுதி தரும். ஜரிகைக்கு அது பொறுப்பில்லை. ஜரிகை நூலின் நுனியைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிவது அசலுக்கு அடையாளம். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ செயற்கை இழை தெரிந்தால் அது போலி. வெள்ளியும் தங்கமும் எத்தனை பங்கு என்பதைச் சுரண்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. எக்ஸ் கதிரால் உலோகப் பங்கைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையைச் செய்து, தாளைச் சேலையோடு இணைத்துத் தந்தவர்களுக்குத் தனியாகக் கைகூப்புகிறோம். சோதனைத் தாள் இருந்த சேலைகளுக்கு, கேட்டவர்கள் தயங்கவே இல்லை. பாதி ஜரிகைச் சேலை, அதாவது முழுக்க அசல் அல்லாத ஜரிகை போட்ட சேலை, தந்த ஒருவர் அதை மறைக்காமல் அப்படியே எழுதச் சொன்னார். அந்த நேர்மைதான் மற்றச் சேலைகளின் மேலும் நம்பிக்கையை உண்டாக்கியது.

மயில்கழுத்து நிறச் சேலையைப் படம் எடுத்த தம்பிக்கும் நன்றி. பாவு (நெடுக்கு இழை) ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் மண்டபத்து எல்இடி விளக்கில் அது ஒரே நீலமாகத்தான் தெரியும். காலை வெளிச்சத்தில், நிழலான முற்றத்தில் விரித்து, மடிப்பைச் சற்றே திருப்பி இரண்டு கோணத்தில் எடுத்ததால் பச்சையும் ஊதாவும் தெரிந்தன. சேலை எடுத்துப் போனவர்களுக்கு ஒரு வார்த்தை: பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். உடுத்திக்கொண்டு வாசனைத் திரவியம் அடித்தால் அது பட்ட இடத்தில் ஜரிகை கறுத்துவிடும்.

தஞ்சாவூர் வீணை தந்த இசை ஆசிரியைக்கு நன்றி. பலாமரத்தில் செய்த வீணை. குடமும் தண்டியும் (நீண்ட கழுத்துப் பகுதி) தனித்தனியாகச் செய்து சேர்த்தது. ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை இல்லை என்பதை அவரே முதலில் சொல்லிவிட்டார். வீணையின் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தும் இடத்தில் உள்ள குறுக்குக் கம்பிகள்) கரிப்பொடி கலந்த மெழுகில் பதித்திருப்பவை. வெயிலில் நிறுத்திய காருக்குள் கொஞ்ச நேரம் வைத்தாலே மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும், சுருதி சேராது. அதனால் விடிவதற்கு முன்பே வண்டியில் ஏற்றி, தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, குடத்துக்கு அடியில் துணிச் சும்மாடு வைத்து அனுப்பினார். ஏலம் முடிந்தபின் எடுத்தவர் வீட்டுக்கே வந்து மேளம் கட்டித் தருவதாக (மெட்டுகளைச் சுருதிக்கு ஏற்ப மெழுகில் பதித்துத் தருவதாக) வீணை செய்பவர் ஒருவர் ஒப்புக்கொண்டார். அந்த வாக்குறுதியையும் பொருளோடு சேர்த்து அறிவித்தோம். அதற்குப் பிறகுதான் கேட்பு வேகம் பிடித்தது. வாத்தியத்தை வாங்குகிறவருக்கு உள்ள பெரிய பயமே அதைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பாரா என்பதுதான்.

தஞ்சாவூர் ஓவியங்கள் தந்தவர்கள் 22 காரட் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) என்று எழுதிய ரசீதையும், பலகையின் பின்பக்கப் படத்தையும் சேர்த்தே அனுப்பினார்கள். போலி ரேக்கு புதிதில் தங்கத்தைவிடப் பளபளக்கும். சில வருடங்களில் மங்கும், பச்சை பூக்கும். கண்ணாடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் காகித டேப் ஒட்டி, படுக்கவைக்காமல் நிறுத்திக் கொண்டுவந்ததால் ஒன்றுகூட உடையவில்லை. குளியலறையை ஒட்டிய சுவரில் மாட்ட வேண்டாம் என்ற அவர்களது எச்சரிக்கையை வாங்கியவர்கள் மறக்கக் கூடாது. ஈரம் ஏறினால் பலகை உப்பும், அதன் மேல் ஒட்டிய துணி எழும்பும், மாக்கோலம்போல் மேடிட்ட சுண்ணவேலை விரியும்.

பத்தமடைப் பாய் நெய்யும் அக்காமார்களுக்கும், நீலகிரியிலிருந்து தோடர் பூவேலைச் சால்வை அனுப்பிய பெண்களுக்கும் எங்கள் அன்பு. துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டம் எதுவும் வைக்காமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்பும் கோக்கும் வேலைக்கு அவசரமே ஆகாது. தேதியை முன்கூட்டியே கேட்டு வாங்கி, சொன்ன நாளில் அனுப்பினீர்கள்.

சிறு பொருள்களைச் சீர்வரிசைத் தட்டாகச் சேர்க்கலாம் என்று சொன்னவர் யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. யாராக இருந்தாலும் நன்றி. தனியாக வைத்தால் சிறு விலைக்குப் போகும் செட்டிநாட்டு ஓலைக் கொட்டான், பவானி ஜமுக்காளம், சிறிய நாச்சியார்கோவில் விளக்கு மூன்றும் ஒரே தட்டில் வந்தபோது கல்யாண வீட்டுக்காரர்கள் போட்டிபோட்டார்கள். விளக்கு திருகிச் சேர்க்கும் பாகங்களால் ஆனது. ஒவ்வொரு திருகும் சரியாக இறங்குகிறதா என்று மேடைக்கு வருமுன் சேர்த்துப் பார்த்துக் கொடுத்த பாத்திரக் கடைக்காரருக்கும் வணக்கம்.

சிலர் தந்ததை எங்களால் ஏற்க முடியவில்லை. அவர்களுக்கும் இந்த மடலில் இடம் உண்டு. தாத்தா காலத்து வெண்கலச் சிலையை ஏலத்துக்குத் தர முன்வந்தார் ஒரு பெரியவர். நூறாண்டு கடந்த சிலையும் ஓவியமும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். அவற்றை விற்பதற்கு உரிமம், பதிவு பற்றிய விதிகள் உண்டு. தந்தத்தில் பூவேலை செய்த பழைய வீணையும் அப்படித்தான். தந்தம் எவ்வளவு பழையதானாலும், எவ்வளவு சிறிய துண்டானாலும் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பது குற்றம். இரண்டு பேருமே வருத்தப்படாமல் வேறு பொருள் தந்தார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் அனுப்பிய பொருளும் எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டுக் கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுக் கொடைதான், அதற்குரிய பதிவு இல்லாத அமைப்பு அதைத் தொடக் கூடாது என்று முன்பே எச்சரித்த கணக்குத் தணிக்கையாளருக்குக் கடன்பட்டிருக்கிறோம். பொருளாகத் தரும் கொடைக்கு வருமானவரிச் சலுகை கிடையாது, பணத்துக்கு மட்டுமே உண்டு என்பதையும் அவர்தான் ஒவ்வொருவரிடமும் தெளிவாகச் சொன்னார். தெரிந்த பிறகும் ஒருவர்கூடப் பொருளைத் திரும்பக் கேட்கவில்லை.

தங்கள் உழைப்பையே பரிசாகத் தந்தவர்களை எப்படி மறப்போம்? ஐம்பது பேருக்கு விருந்து சமைத்துத் தருவதாகச் சொன்ன சமையல்காரர், எத்தனை வகை, மளிகை யார் செலவு, பாத்திரம் யார் தருவது, எந்த முகூர்த்த நாள்களில் வர முடியாது என்று ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். செட்டிநாட்டு வீட்டில் இரண்டு இரவு தங்க இடம் தந்தவர்களும் கடைசித் தேதி, பெரியவர் எத்தனை, குழந்தை எத்தனை, வேறொருவருக்கு மாற்றித் தரலாமா என்பதையெல்லாம் குறித்தார்கள். கூப்பன் பரிசுகளில் தகராறு வருவதே இங்கேதான். தேதி போடாத கூப்பனைத் தீபாவளி வாரத்தில் எடுத்துக்கொண்டு வந்தால் தந்தவருக்கும் சங்கடம், எடுத்தவருக்கும் ஏமாற்றம்.

ஏலம் விட்ட ஐயாவின் குரல் இன்னும் மண்டபத்தில் நிற்கிறது. கடைவிலையில் ஏறத்தாழப் பாதியில் தொடங்குங்கள், பத்துப் பேர் கை தூக்கட்டும், பிறகு விலை தானாக ஏறும் என்ற அவரது கணக்கு சரியாக இருந்தது. ஒவ்வொரு கேட்பும் முந்தியதைவிட இவ்வளவு கூட வேண்டும் என்பதை முன்பே அறிவித்து, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்ற பிறகு ஒரு மூச்சு நிறுத்துவார். கடைசிக் கை பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் எழுந்தது. மேடைக்குச் சில பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை மேசைமேல் ஏலத்தாளில் எழுதிக் கேட்கவிட்டதும் அவர் யோசனை. எல்லா மேசையையும் ஒரே நேரத்தில் மூடாமல், ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு மூடியதால், ஒன்றை இழந்தவர் அடுத்த மேசைக்குப் போய்க் கேட்க முடிந்தது.

இரண்டாவதாக நின்றவரின் பெயரையும் எண்ணையும் தாளில் குறித்துவைத்த கல்லூரி மாணவிகளுக்கு நன்றி. எடுத்தவர் பின்வாங்கினால் உடனே அடுத்தவரைக் கூப்பிட அது வேண்டும். பணம் வாங்கும் மேசையில் இருந்த வங்கி ஊழியர்கள் இன்னொன்றைக் கவனித்தார்கள்: யூபிஐயில் பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் அனுப்ப முடியும். பெரிய தொகைக்கு அட்டை இயந்திரமும் நேரடி வங்கி மாற்றலும் தயாராக இருந்ததால் வரிசை நின்றுபோகவில்லை.

இந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கு வயது வரம்பு 20 முதல் 40 வரை. 40 தாண்டிய பிறகு கணவரை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் தையல் கற்றிருந்தாலும் அதில் சேர முடியாது. அவர்களைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். வாங்குவது ஒற்றை ஊசி பவர் இயந்திரம், சர்வோ மோட்டாருடன். விலை குறைந்த கிளட்ச் மோட்டார், சுவிட்சைப் போட்டதிலிருந்து தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். வாடகை வீட்டில் மின்கட்டணம் அந்த அக்காவின் தலையில்தான் விழும். சர்வோ மிதிக்கும்போது மட்டும் ஓடும், சத்தமும் குறைவு. ஒவ்வோர் இயந்திரத்தோடும் 11, 14, 16 எண் ஊசிகள், கூடுதல் பாபின்கள், எண்ணெய் தருகிறோம். எண்ணெய்த் தொட்டியில் அளவுக்கோடு எங்கே இருக்கிறது, ஊசியின் நீளப் பள்ளம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் காட்டித்தர ஒப்புக்கொண்ட மெக்கானிக் அண்ணனுக்கு நன்றி. புது இயந்திரத்தில் தையல் விட்டுவிட்டு விழுகிறது என்று வரும் புகாரில் பலவும் ஊசியைத் திருப்பிப் போட்டதால் வருவது.

கேட்பார் இல்லாமல் நின்ற சில பொருள்கள் எங்கள் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. திரும்ப வேண்டுபவர்கள் மாத இறுதிக்குள் தெரிவித்தால் பொட்டலம் கட்டி எங்கள் செலவிலேயே அனுப்புகிறோம். இல்லையென்றால் அடுத்த ஏலத்துக்கு வைத்துக்கொள்கிறோம். உங்கள் பொருள் எவ்வளவுக்குப் போனது, அந்தத் தொகையில் என்ன வாங்கினோம் என்ற கணக்கு, ரசீது நகலோடு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அஞ்சலில் வரும். விலாசம் மாறியிருந்தால் சொல்லுங்கள்.

மிக்க நன்றியுடன்,
ஏலக் குழுவினர்