ஸ்மார்ட் போர்டு வந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சினிமாவில் உதவி எடிட்டராக இருந்துவிட்டு, பி.எட். முடித்து இப்போது அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். 2019-இல் கல்வி தொலைக்காட்சி வந்தது, 2023-இல் பாடங்களை வீடியோவாகக் காட்டும் மணற்கேணி செயலி வந்தது, வகுப்பறைகளுக்கு ஸ்மார்ட் போர்டும் வந்துகொண்டிருக்கிறது. மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பாட வீடியோவை ஓடவிட்டு ஆசிரியர் ஓரமாக நின்றால் பிள்ளைகள் வெறுமனே வேடிக்கைதான் பார்ப்பார்கள். எடிட்டிங் அறையில் நான் கற்றது எங்கே வெட்ட வேண்டும் என்பதைத்தான். இதயம் பற்றிய அனிமேஷனில், ரத்தம் வலது கீழறையை விட்டுக் கிளம்பும் இடத்தில் நிறுத்தி "அடுத்து எங்கே போகும்?" என்று கேட்டால் கடைசி பெஞ்சிலிருந்தும் கை உயர்கிறது, நுரையீரலா உடம்பா என்று பெரிய வாக்குவாதமே நடக்கிறது, அப்புறம்தான் மீதியை ஓடவிடுவேன்.

சத்தமும் முக்கியம். படம் சுமாராக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், மின்விசிறி இரைச்சலில் குரல் கேட்காவிட்டால் கவனம் போய்விடும்.

ஆசிரியர் பயிற்சிகளில் கருவியை இயக்கக் கற்றுத் தருகிறார்கள், சரி. கூடவே எடிட்டர்களையும் ஒலிப்பதிவாளர்களையும் அழைத்து ஒரு நாளாவது பேச வைக்கப் பள்ளிக்கல்வித் துறை முன்வர வேண்டும். சென்னையில் வேலை குறைந்து உட்கார்ந்திருக்கும் என் பழைய நண்பர்கள் பலர் சந்தோஷமாக வருவார்கள்.

- ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்