பல் மருத்துவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உறுப்பினர் சேர்க்கை, சந்தா, தணிக்கை விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக மாதக் கூட்டங்களுக்கு வருகிறேன். ஈறு நோயால் கரைந்த எலும்புக்கு போன் கிராஃப்ட் (குழியை நிரப்ப வைக்கும் எலும்பு அல்லது எலும்புக்கு மாற்றான துகள்) வைப்பது பற்றித்தான் இந்த ஆண்டு அதிகம் பேசினோம். வாக்குவாதமும் அதில்தான் அதிகம்.

நோயாளியின் சொந்த எலும்பில் உயிருள்ள செல்கள் உண்டு. தாது நீக்கிய கொடையாளர் எலும்பில் புது எலும்பைத் தூண்டும் புரதங்கள் இருக்கின்றன. 1965-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்குகிறது இந்தப் புரிதல். ஆனால் இந்தக் கொடையாளர் எலும்பின் வீரியம் எல்லா எலும்பு வங்கியிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. மாட்டெலும்புத் தாது, செயற்கையான ஹைட்ராக்சி அபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட் எல்லாம் பெரும்பாலும் எலும்பு ஏறி வளர்வதற்கான சாரக்கட்டுதான். டிரைகால்சியம் பாஸ்பேட் சீக்கிரம் கரையும். மாட்டெலும்புத் துகள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

சரி, இதில் எது சிறந்தது என்று இளம் உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எந்தக் குழியில் வைக்கிறோம் என்பதை முதலில் கேளுங்கள் என்பதே என் பதில். மூன்று பக்கமும் எலும்புச் சுவர் நிற்கிற ஆழமான, குறுகலான குழி நன்றாக நிரம்பும். எலும்பு சமமட்டமாகக் கீழிறங்கிவிட்ட இடத்தில் எந்தப் பொருளை வைத்தும் பயனில்லை. ஸ்கேலிங், ரூட் பிளானிங் (பல்லையும் வேரையும் சுரண்டிச் சுத்தம் செய்வது) முடிந்த பிறகும் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழமான பாக்கெட் நின்று, எலும்புக் குழி 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் மீளுருவாக்க அறுவையை (இழந்த எலும்பையும் பல்லின் பிடிமானத்தையும் திரும்ப வளர்க்கும் அறுவையை) 2020-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. புகைப்பதை விடாதவருக்கும் பல் துலக்குவதில் அக்கறை இல்லாதவருக்கும் அவசரப்பட்டு கிராஃப்ட் வைப்பது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது.

செய்முறை வகுப்பில் மாதிரித் தாடையை வைத்துப் பழகினோம். சிறு கிண்ணத்தில் சலைன் (உப்புநீர்) விட்டுத் துகள்களை ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குழிக்குள் இறக்கினோம். பலரும் அழுத்தி அழுத்தி நிரப்பினார்கள். துகள்களுக்கு நடுவே புது இரத்தக் குழாய் நுழைய இடம் வேண்டும். சுவர் மட்டத்துக்கு மேலே குவித்தாலும் ஈறு இழுபடாமல் மூடாது, தையல் பிரிந்துவிடும்.

அப்புறம் எக்ஸ்ரே. சில மாதம் கழித்துக் குழி வெள்ளையாகத் தெரிந்தால் எலும்பு வந்துவிட்டது என்று நோயாளியிடம் சொல்லிவிடுகிறோம். அது நாம் வைத்த துகளாகவே இருக்கலாம். வேரின் மேல் புது சிமென்டம் (வேரை மூடியிருக்கும் மெல்லிய கடின உறை), அதோடு எலும்பைப் பிணைக்கும் நார்கள், எலும்பு மூன்றும் சேர்ந்து வந்தால்தான் உண்மையான மீளுருவாக்கம். எக்ஸ்ரே அதைக் காட்டாது. "குழி நிரம்பியிருக்கிறது, பாக்கெட் குறைந்திருக்கிறது" என்று மட்டும் சொல்வதே நேர்மை.

பொருள் எங்கிருந்து வந்தது என்பதையும் ஒப்புதல் வாங்கும்போதே சொல்லியாக வேண்டும். மாடு, பன்றி, இறந்த மனிதர் என்று மூலம் எதுவானாலும், தன் வாய்க்குள் வைக்கப்போவது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. நம்பிக்கை சார்ந்து ஒருவர் மறுத்தால் செயற்கைப் பொருள் இருக்கவே இருக்கிறது.

கிராஃப்ட் வைத்த ஒவ்வொருவருக்கும் குழியின் வடிவம், பொருளின் மூலம், தொகுதி எண், ஆறாம் மாத, பன்னிரண்டாம் மாத அளவுகள் ஆகியவற்றை ஒரே படிவத்தில் பதிய வேண்டும் என்று செயற்குழு முன்மொழிகிறது. படிவத்தின் மாதிரியை இணைத்துள்ளேன். இதையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்