மாலை ஐந்து மணிக்கும் ஒருமுறை விரலைக் குத்திப் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சளிக்காய்ச்சலோ கோவிட்டோ மறுபடி பரவும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் அந்தப் பழைய படமும் சுற்றத் தொடங்கிவிடுகிறது. வெங்காயத் தோலில் கறுப்புப் பொடி, ஐஸ்பெட்டிக் கதவு ரப்பரில் கறுப்புக் கறை, கீழே 'கறுப்புப் பூஞ்சை, ஜாக்கிரதை' என்று ஒரு வரி. வெங்காயத்தில் இருப்பது அஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்ற சாதாரணப் பூஞ்சை. மேல்தோலை உரித்துக் கழுவிவிட்டுச் சமைக்கலாம். 2021இல் இந்தியாவில் 45,000 பேருக்கு மேல் தாக்கிய, 'கறுப்புப் பூஞ்சை' என்று பெயரெடுத்த மியூக்கோர்மைக்கோசிஸ் நோய் வேறு. அதற்குப் பெரும்பாலும் காரணம் ரைசோபஸ் என்னும் பூஞ்சை. பழைய ரொட்டியில் பஞ்சுபோல் பூக்கிறதே, அதற்கு நெருங்கிய உறவு. அதன் நிறமும் கறுப்பல்ல. இரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடுவதால், அதற்கு அப்பாலுள்ள சதை செத்துக் கறுக்கிறது. பெயர் வந்தது அதனால்தான். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை.

இந்தப் பூஞ்சை வித்துகளை நாம் எல்லாரும் தினமும் மூச்சில் இழுக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. ஆகவே வீட்டில் பூஞ்சையைத் தேடி அலைவதைவிட, காய்ச்சல் வந்தவரின் சர்க்கரையையும் அவர் விழுங்கும் மாத்திரையையும் பார்ப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. இரத்தச் சர்க்கரை ஏறினால் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. சர்க்கரை முற்றி இரத்தம் அமிலமானால், புரதத்தோடு ஒட்டியிருக்கும் இரும்பு கழன்றுவிடுகிறது. ரைசோபஸுக்கு அந்த இரும்புதான் தீனி. அதன்மேல், வீக்கத்தை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தால் எதிர்ப்புச் சக்தியும் போகிறது, சர்க்கரையும் இன்னும் ஏறுகிறது. 2023 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). நம் இந்தியர்களிடையே நால்வரில் ஒருவருக்கும் மேல். இந்தக் கடிதத்தைத் தமிழ் நாளிதழுக்கு எழுதக் காரணம் அதுதான்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. பிரிட்டனின் ரிகவரி ஆய்வு 2020இல் காட்டியது இது: ஆக்சிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகம் போனால் 10 நாள் கொடுத்தால் உயிரிழப்பு குறைகிறது. ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கு அதே மருந்தால் எந்தப் பயனும் இல்லை. 6 மில்லிகிராம் என்றால் சிறிதாகத் தோன்றும். நம் ஊரில் கிடைக்கும் இன்னொரு ஸ்டீராய்டான ப்ரெட்னிசோலோன் 5 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்குச் சமம் அது. போன வருடம் ஆஸ்துமாவுக்குக் கொடுத்ததில் மீதி என்று டிராயரில் கிடக்கும் மாத்திரைப் பட்டையைக் காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே எடுத்து விழுங்குகிறார்களே, கோளாறு அங்கே தொடங்குகிறது. (ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் இன்ஹேலரை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அதன் அளவு மிகச் சிறிது. உறிஞ்சியபின் வாயைக் கொப்பளித்தால் போதும்.)

தெரியாமல் விழுங்கும் ஸ்டீராய்டும் உண்டு. மூட்டுவலிக்கென்று பாசார் மாலாமிலும் (இரவுச் சந்தை) இணையத்திலும் விற்கும் சில ஜாமு (மலாய் நாட்டு மருந்து), காப்ஸ்யூல் வகைகளில் டெக்ஸாமெத்தாசோன் கலந்திருப்பதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ. பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது, பசி கூடியது, முகம் உருண்டது என்றால் சந்தேகப்படுங்கள். பதிவான மருந்தின் டப்பாவில் 'மால்' (MAL) என்று தொடங்கி எட்டு எண்களும் ஓர் எழுத்தும் கொண்ட பதிவெண் இருக்கும், ஹோலோகிராம் வில்லையும் இருக்கும். வாரக்கணக்கில் சாப்பிட்டவர் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது. உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் அடங்கிப்போயிருக்கும், திடீரென நிறுத்தினால் மயங்கி விழலாம். டப்பாவோடு கிளினிக்குப் போங்கள்.

இனி தலைப்புக்கு வருகிறோம். காலையில் ப்ரெட்னிசோலோன் சாப்பிட்டால் சர்க்கரை மதிய உணவுக்குப் பின் ஏறத் தொடங்கி, மாலையில் உச்சத்தில் நிற்கும். இரவில் இறங்கி, விடிகாலை வெறும் வயிற்றில் 5.8 மில்லிமோல் என்று நல்ல பிள்ளைபோல் காட்டும். காலையில் மட்டும் பார்க்கிறவர் ஏமாறுவது இங்கேதான். ஸ்டீராய்டு எடுக்கும் நாள்களில் காலை வெறும் வயிற்றில் ஒன்று, மதிய உணவு முடிந்து இரண்டு மணி நேரத்தில் ஒன்று, மாலை ஐந்து மணிவாக்கில் ஒன்று என்று பார்த்து எழுதிவையுங்கள். இதற்குமுன் இனிப்பு நீர் இல்லாதவரும் பார்க்க வேண்டும். மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ.1.சி. இந்த ஒருவார ஏற்றத்தைக் காட்டாது. குத்துமுன் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். ரம்புத்தான் உரித்த விரலில் 6 இருந்தாலும் கருவி 12 காட்டக்கூடும். சர்க்கரைக் கருவியின் சோதனைப் பட்டைக் குப்பியைத் திறந்தபடி வைக்காதீர்கள், பினாங்கு ஈரக்காற்றில் பட்டை கெட்டுவிடும். இரண்டு நாள் தொடர்ந்து 10 மில்லிமோலுக்கு மேல் போனால் கிளினிக்கை அழையுங்கள். 14க்கு மேல் ஏறி, வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்கினால் நேரே அவசரப் பிரிவு.

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்னும் சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கும்போது இவை, சர்க்கரை அதிகம் ஏறாமலே இரத்தத்தை அமிலமாக்கிவிடக்கூடும். காய்ச்சல் நாள்களில் நிறுத்திவைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலினை மட்டும் தானாக நிறுத்தவே கூடாது.

வீட்டில் ஆக்சிஜன் கருவி இருந்தால் நீர்ப்புட்டியில் காய்ச்சி வடித்த நீரைத் தினமும் புதிதாக ஊற்றுங்கள், பழைய நீரின் மேல் சேர்க்காதீர்கள். தேறிவரும் நோயாளி பூந்தொட்டிக்கு உரம் கலப்பதும், பினாங்கில் வந்த 2017 நவம்பர் வெள்ளம்போல் நீர் புகுந்த வீட்டைக் கழுவுவதும் வேண்டாம். ஆவி பிடித்தால் இந்தப் பூஞ்சை சாகாது. வெந்நீர்ச் சட்டி கவிழ்ந்து தொடை வெந்ததுதான் மிச்சமாகும்.

ஸ்டீராய்டு எடுத்தவரை, குணமாகி ஆறு வாரம் வரை, தினமும் இரண்டு நிமிடம் பாருங்கள். கைத்தொலைபேசி விளக்கில் மேல் அண்ணத்தில் கறுப்போ சாம்பல் நிறமோ தெரிகிறதா? இரு கன்னத்தையும் தடவினால் ஒரு பக்கம் மட்டும் மரத்திருக்கிறதா? ஒரு கண்ணின் இமை வீங்கியோ தொங்கியோ இருக்கிறதா, நாள்காட்டி எண் இரண்டிரண்டாய்த் தெரிகிறதா? ஒரு மூக்கு மட்டும் அடைத்து இரத்தமோ கறுப்பாகவோ வடிவது, காரணமில்லாமல் மேல்வரிசைப் பல் ஆடுவது இரண்டும் இதில் சேரும். எதிலும் 'ஒரு பக்கம்' என்பதைக் கவனியுங்கள். சாதாரண சளி பெரும்பாலும் இரு பக்கமும் அடைக்கும்.

ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனை. அங்கே 'கோவிட் வந்தது, இத்தனை நாள் ஸ்டீராய்டு, சர்க்கரை இவ்வளவு' என்று நோட்டைக் காட்டுங்கள். மூக்குக்குள் குழாய்க் கேமரா விட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். அஸ்பெர்ஜில்லஸைக் கண்டுபிடிக்க இரத்தத்தில் பார்க்கும் கேலக்டோமானன் சோதனையில் இந்தப் பூஞ்சை தெரியாது. அஸ்பெர்ஜில்லஸுக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் மருந்தும் இதற்குப் பலிக்காது. இதற்குச் சிகிச்சை லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் பி மருந்து, உடல் எடை கிலோவுக்கு நாளுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், கூடவே செத்த சதையை வெட்டியெடுக்கும் அறுவை. இந்த மருந்து சிறுநீரகத்தைத் தாக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும், அதனால் அடிக்கடி இரத்தம் எடுப்பார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள்.

அஸ்பெர்ஜில்லஸையும் லேசாக எண்ண வேண்டாம். கடும் இன்ஃபுளுவென்சாவோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தவர்களில் 19 விழுக்காட்டினருக்கு அது நுரையீரலைத் தாக்கியதை நெதர்லாந்து, பெல்ஜிய மருத்துவர்கள் 2018இல் வெளியிட்டார்கள். இனிப்பு நீர் உள்ளவர் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டுச் செய்திகளை எடுத்துப் போடும்போது 'சர்க்கரை 200' என்றே மில்லிகிராம் கணக்கில் வருகிறது. நம் கருவிகள் மில்லிமோலில் காட்டுகின்றன. 200ஐ 18ஆல் வகுத்தால் 11.1. 11 என்று பார்த்துவிட்டு '200க்கு எவ்வளவோ குறைவுதானே' என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து பக்கத்திலேயே மில்லிமோல் அளவையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள், தாதியர் சிலர்
பினாங்கு