சத்துமாவோடு ஒரு மணி நேரமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பத்தோர் ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குழந்தைகளின் மூளை வளர்ச்சி என்று பேச்சு எடுத்தாலே நம் ஊரில் வல்லாரையும் பாதாமும் பாலில் கலக்கும் பொடிகளும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. இப்போது அவற்றோடு, சரியாக நிற்கக்கூடத் தெரியாத பிள்ளைக்கும் கட்டணம் கேட்கும் வகுப்புகள் சேர்ந்துகொண்டன. வீட்டில் அந்தக் குழந்தையோடு யார் பேசுகிறார்கள், எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று கேட்பார் இல்லை. அதைக் குறித்தே இக்கடிதம்.

பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். இரண்டு வயதளவில் அது முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. இந்தக் காலத்தில் நரம்பணுக்களுக்கு இடையே தேவைக்கும் அதிகமான இணைப்புகள் உண்டாகின்றன. அடிக்கடி பயன்படுபவை உறுதிப்படுகின்றன, பயன்படாதவை கழிந்துபோகின்றன. ‘ங்கா’ என்று குழந்தை ஒலி எழுப்ப, மடியில் வைத்திருப்பவர் அதன் முகம் பார்த்து ‘ங்கா’ என்று திருப்பிச் சொல்லி, அடுத்த ஒலிக்குக் காத்திருப்பதும் அந்த இணைப்புகளைப் பயன்படுத்தும் வேலைதான். கைபேசியில் ஓடும் பாட்டு எத்தனை இனிமையாக இருந்தாலும் குழந்தைக்காகக் காத்திருந்து பதில் சொல்லாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது, இரண்டு வயதுக் குழந்தைக்கும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியிருக்கிறது.

வீட்டுச் சூழலுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைப் பேசுவோர் ருமேனியக் காப்பகக் குழந்தைகளையே பெரும்பாலும் எடுத்துக்காட்டுவார்கள். புக்கரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை வைத்து நடந்த அந்த ஆய்வில், இரண்டு வயதுக்கு முன்பே வளர்ப்புக் குடும்பம் கிடைத்தவர்கள் காப்பகத்திலேயே தங்கிவிட்டவர்களைவிட அறிவுத்திறனில் தெளிவாக முன்னேறினார்கள். ஆனால் அது எல்லை மீறிய புறக்கணிப்பின் கதை. பாசத்துக்குக் குறைவில்லாத நம் வீடுகளோடு அதை ஒப்பிடுவது பொருந்தாது. நமக்கு நெருக்கமானது ஜமைக்கா.

1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை, 9 மாதம் முதல் 24 மாதம் வரையுள்ளவர்களை, சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவரின் குழுவினர் நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. இன்னொரு பிரிவின் வீடுகளுக்கு வாரம் ஒரு முறை சமுதாய சுகாதாரப் பணியாளர் ஒருவர் போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து, குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குச் செய்து காட்டினார். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன. நான்காவதற்கு எதுவும் இல்லை. விளையாட்டுப் பொருள்கள்கூட வீட்டில் கழித்துப் போட்டவற்றைக் கொண்டு செய்தவைதான். ஒரு வாரம் விட்டுவைத்து, அடுத்த வாரம் வேறு கொடுப்பார்கள். இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது. அந்தக் குழந்தைகளுக்கு 22 வயதானபோது கணக்கெடுத்ததில், விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீடித்த பலன் தென்படவில்லை.

பால்மாவு வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பசியோடு இருக்கும் பிள்ளை விளையாடாது என்பதை என்னைவிட அதிகம் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் 1975இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது முதல், இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தை எங்கள் மையத்துக்கு எடை பார்க்கவும் சத்துமாவு வாங்கவும் தடுப்பூசிக்குமே பெரும்பாலும் வருகிறது. ஒரு குழந்தை இப்போதும் நினைவில் நிற்கிறது. இருபது மாதம், எடை அட்டையில் எப்போதும் பச்சைப் பகுதியிலேயே புள்ளி விழும், ஆனால் வாயில் ஒரு சொல் வரவில்லை. தந்தை திருப்பூரில், தாய் விடியற்காலையில் நடவுக்குப் போய்விடுவார், பார்த்துக்கொண்ட பாட்டிக்குக் காது மந்தம். எடையை எழுத எங்கள் பதிவேட்டில் கட்டம் இருந்தது. பேச்சை எழுத இல்லை. அந்தக் குழந்தையைச் செவித்திறன் சோதனைக்கு அனுப்பியபோது அதற்குக் காதில் குறை இல்லை என்று தெரிந்தது. பிறகு மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்து சிரட்டையையும் கரண்டியையும் வைத்து விளையாடிப் பேசத் தொடங்கினேன். நானும் தொடர்ந்து போக முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதில் தாய்மார்களைக் குறை கூறுவது எளிது, ஆனால் நியாயமன்று. 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தந்த 26 வார மகப்பேறு விடுப்பு, நடவுக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெண்ணின் கைக்கு எட்டுவதில்லை. தந்தையின் பேச்சும் குழந்தையின் மூளையில் தாயின் பேச்சைப் போலவே பதியும் என்பதை நம் வீட்டு ஆண்கள் யாரும் காதில் போட்டுக்கொண்டதாகவும் தெரியவில்லை.

பிறப்பு முதல் மூன்று வயது வரை மாதவாரியாக என்ன விளையாட்டு என்று வகுத்துத் தரும் ‘நவ்சேதனா’ வழிகாட்டியை ஒன்றிய அரசு 2024இல் வெளியிட்டிருக்கிறது. வழிகாட்டி நல்லதுதான். அதை வீட்டில் செய்து காட்டும் நேரம் யாரிடம் இருக்கிறது? ஒரே விவரத்தைச் செயலியிலும் பதிவேட்டிலும் இரண்டு முறை எழுதி, மதியம் சமைத்துப் போட்டு, முன்பருவ வகுப்பும் நடத்தும் பணியாளரிடம் இல்லை. ஜமைக்கா முறையை ஒடிசாவின் கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளில், அங்கேயே வாழும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து நடத்தியபோதும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் பலன் தெரிந்தது. நம் மாநில அரசும் மூன்று வயதுக்குட்பட்டோரின் வீடுகளுக்குப் போவதற்கென்றே மையத்துக்கு ஒருவரை நியமிக்க வேண்டும். அதுவரை, இரட்டை எழுத்து வேலையையாவது நிறுத்தினால், சத்துமாவு வாங்கத் தாய்மார்கள் வரும் நாளில் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பிவிடாமல் அரை மணி நேரம் குழந்தையோடு உட்கார வைக்க எங்களவர்களால் முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்.